முன்பாரம்

அம்மாவைத் தூக்கிய அன்று, பாடையை டெம்போவில் ஏற்றியவர்கள் பின்கதவை ஒட்டி வைத்தார்கள். சுடுகாட்டுப் பாதையில் ஒரு மேடு இருக்கிறது. "முன்னால தள்ளி வைங்கப்பா" என்றேன். "எதுக்குண்ணே?" என்று கேட்டான் டிரைவர். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். தள்ளி வைத்தோம்.

பதில் இதுதான்.

என் அம்மா மாயக்காள் லாரி ஓட்டியதே இல்லை. ஆனால் கோம்பையில் எங்கள் தெருவுக்குள் வந்த முதல் லாரி அவள் வாங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று. நான் பிறந்தது அதற்குப் பிறகு. அதனால் இதில் பாதி அம்மா சொன்னது, பாதி மெக்கானிக் கர்ணன் சொன்னது. இருவரும் வேறு வேறாகச் சொன்ன இடங்களில், இயந்திரம் எப்படி நடந்துகொண்டிருக்கும் என்று பார்த்து நானே முடிவு செய்தேன். லாரிகளின் அடிச்சட்டத்தைச் சோதிப்பதுதான் என் தொழில்.

அப்பா ஒச்சாண்டி பாரவண்டி ஓட்டினார். ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு, மலையடியில் கொஞ்சம் நிலம். வண்டியை ஓட்டுவது அப்பா, மூட்டை அடுக்குவது அம்மா. இரட்டைச் சக்கர வண்டி ஒரு தராசு மாதிரி. நடுவில் அச்சு. பாரம் முன்னால் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகம் மேலே எழும்பும், கழுத்துக்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும், அது பின்பாரம். அம்மா அடுக்கிய வண்டியின் நுகத்தை ஒற்றை விரலால் தூக்கலாம் என்பார்கள். உத்தமபாளையம் மண்டியில் வேற்றூர் வண்டிக்காரர்கள்கூட, "ஆத்தா, நம்ம வண்டியையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போ" என்று கூப்பிடுவார்களாம். அம்மா போவாள். ஒரு மூட்டையை முன்னால் நகர்த்துவாள், ஒன்றைத் திருப்பிப் போடுவாள், திரும்பி வருவாள். நன்றி சொன்னால் காதில் வாங்கமாட்டாள்.

சண்டைக் காலம். மதுரையிலிருந்து தேனி வழியாகப் போடிக்கு வந்த தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். நல்ல லாரிகளைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. குமுளி மலைக்கு மேலே உப்பும் கருவாடும் வெங்காயமும் கேட்டார்கள். மேலேயிருந்து ஏலமும் மிளகும் இறங்க வழியில்லாமல் கிடந்தன. மாட்டு வண்டி மலையேறலாம். ஏறி ஏறி இறங்கிய மாடு பிறகு உழவுக்கு ஆகாது.

கம்பத்தை அடுத்த கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் கிடங்கில் பழைய அமெரிக்க லாரி ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு அம்மா போய்ப் பார்த்தாள். பட்டாளத்துக்காரர்களே வேண்டாமென்று விட்டுப் போனது அது. மூக்கில் இருந்த கம்பெனித் தகடு எப்போதோ கழன்றுவிட்டது. முன்சக்கரங்களில் டயர் இல்லை. பின்னால் இருந்த பலகைத் தளத்தைக் கரையான் தின்றிருந்தது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அம்மா அடியில் குனிந்து, இரண்டு நீளச் சட்டங்களையும் கல்லால் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"மாட்டை வித்துருவோம்."

"வித்துப்புட்டு எதை வச்சுப் புள்ள உழுகுறது?" என்றார் அப்பா.

"ஆடிக்குள்ள லாரி மலை ஏறிரும். அப்பறம் ஏரு வாடகைக்குப் பிடிச்சுக்கலாம்."

"ஏறலேன்னா?"

"ஏறும்."

மாட்டை வாங்கியவர் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன், சங்கிலி மாமா. எங்கள் நிலத்தை ஒட்டி அவர் நிலம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். மாட்டைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சிங்கிறதால சொல்றேன். ஆடிக்குள்ள அந்த இரும்பு மலை ஏறலேன்னா, நெலத்தை வெளைச்சல்ல பங்குன்னு என்கிட்ட வாரத்துக்கு விட்டுரணும். தரிசாப் போடப் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். மாப்ளே என் ஏரைப் பிடிக்கட்டும்."

அப்பா தலை குனிந்துகொண்டார். மச்சான் வயலில் கூலிக்கு ஏர் பிடிப்பது என்றால் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"சரிண்ணே" என்றாள் அம்மா.

லாரியைக் கூடலூரிலிருந்து கோம்பைக்கு இழுத்து வந்தவை அதே மாடுகள்தாம். மாமாதான் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா வரவில்லை. கூடவே நடந்து வந்தார். வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

"என்ன சங்கிலி, இது என்ன வண்டி?"

"என் தங்கச்சி மாட்டை வித்து வாங்கினது. மாடு இழுத்தாத்தான் ஓடும்."

கோழியும் லாரியில் வந்தது. எஸ்டேட் காவல்காரர் அதை விற்பனையில் சேர்க்கவில்லை. கேட்டதற்கு, சீட்டோடு போகிறதென்றால் போகட்டும் என்றாராம்.

கர்ணன் தேனியில் பஸ் கொட்டகையில் வேலை பார்த்தவர். பஸ்கள் பாதி நின்றுபோனதால் வேலை குறைந்து வெளியே வந்திருந்தார். வாய் ஓயாமல் பேசுவார். லாரியைச் சுற்றி வந்து பானட்டைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, எஞ்சின் செத்துப் போகல. தூங்குது."

"எழுப்பு."

பிஸ்டன்கள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டியிருந்தன. கர்ணன் சீமெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார். ரேடியேட்டர் ஓட்டைகளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அடைத்தார். எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைக் கழற்றி வெயிலில் காயவைத்தார்கள். டயருக்குத்தான் திண்டாட்டம். பஸ்காரர்கள் கழித்துப் போட்டதை வாங்கி, ஓட்டைக்கு உட்புறம் தோல் வைத்துத் தைத்தார்கள். ஒரு காலையில் அப்பாவும் கர்ணனும் ஹாண்டிலைப் பிடித்து முழு பலத்தோடு திருகினார்கள். எஞ்சின் முனகிக்கொண்டு அசைந்தது.

பேரிங்குகள் தேய்ந்திருந்தன. ஈயக் கலவையைப் புதிதாக உருக்கி ஊற்றினார் கர்ணன். அதன்பிறகு செதுக்க வேண்டும். எஞ்சின் தண்டில் விளக்குக் கரியைப் பூசிச் சுழற்றினால், பேரிங்கின் மேடான இடங்களில் கரி ஒட்டும். அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுக்க வேண்டும். மறுபடி பூசி, மறுபடி சுரண்ட வேண்டும். கரி முழுவதும் ஒரே சீராகப் படியும்வரை விடக் கூடாது. கர்ணனுக்குப் பொறுமை இல்லை. அம்மா சுரண்டியை வாங்கிக்கொண்டாள். அம்மி கொத்தியவள் கை. பல வருடம் கழித்து அந்த எஞ்சினைப் பிரித்தபோது நான் அந்தப் பேரிங்குகளைப் பார்த்தேன். சுரண்டிய தடங்கள் நெருக்கமாக, ஒரே சாய்வில் இருந்தன. ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். மேஜை மேல் இருக்கிறது.

பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன். அதனால் கர்ணன் ஒரு கரி பிளாண்ட் கொண்டுவந்தார். அது ஆள் உயர இரும்பு உருளை. உள்ளே அடுப்புக்கரி கனிந்துகொண்டிருக்கும், அதிலிருந்து வரும் வாயு குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். அந்தக் காலத்துப் பஸ்கள் பலவும் அப்படித்தான் ஓடின. சமதளத்துக்குக் கரி, மலையேற மட்டும் கூப்பன் பெட்ரோல் என்று ஏற்பாடு.

மிச்சம் பலகைத் தளம். அதற்கு வந்தவர் அய்யாத்துரை ஆசாரி. அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வண்டிகள் அவர் கையால் ஆனவை. லாரி அவருக்குப் புதிது. கேட்ட முதல் கேள்வி: "தாயி, அச்சு எங்கன?"

அம்மா பின்னச்சைக் காட்டினாள்.

ஆசாரி வாகைப் பலகையில் தளம் செய்தார். அதன் நடுமையத்தை மிகச் சரியாகப் பின்னச்சுக்கு மேலே நிறுத்தினார். தளத்தில் பாதி அச்சுக்கு முன்னால், பாதி பின்னால். சீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு வெற்றிடம். தளத்தின் வால் லாரிக்குப் பின்னால் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இம்புட்டு இடம் சும்மா கிடக்கே அக்கா" என்றார் கர்ணன். அவருக்கு எஞ்சின் தெரியும். தளம் கட்டத் தெரியாது. பஸ்களுக்கு அது மதுரையிலிருந்து கட்டியே வரும்.

"கிடக்கட்டும். முன்னால இருக்கிறது எஞ்சின். இழுக்கிறது அதுதான். இழுக்கிற மாட்டுக் கழுத்துலயே பாரத்தை ஏத்துவாகளா?"

"அதுஞ் சரிதான்."

"கரி உருளையையும் வாலுல வச்சுரு. நெருப்பு பின்னாலயே கிடக்கட்டும்."

அதையும் வாலில் வைத்தார்கள். மூன்று பேரும் ஒரே தப்பைச் செய்தார்கள். மூன்று பேரும் அதை நல்ல வேலை என்று நினைத்தார்கள். வண்டியாக இருந்திருந்தால் நல்ல வேலைதான்.

அப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது கர்ணன். உத்தமபாளையம் சாலையில் போகும்போது எதிரே ஆடு வந்தால், அப்பா பின்னால் சாய்ந்து ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு இழுத்து, "ஓ... ஓ..." என்பார்.

"அண்ணே, அதுக்குக் காது கிடையாது. காலை அமுக்குங்க."

"அமுக்குறேன். சொல்லிட்டு அமுக்குறேன்."

லைசென்சு வந்தது. ஆனி முடிய இன்னும் சில நாட்கள் இருக்கும்போது கம்பத்து மண்டியில் சரக்கு ஏற்றினார்கள். உப்பு, கருவாடு, வெங்காயம். அம்மாதான் அடுக்கினாள். கனமான உப்பு மூட்டைகளை எஞ்சினுக்கு எட்டாமல் வால்பக்கம் தள்ளி அடுக்கினாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அம்மா மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்தாள். கர்ணன் ஆப்புக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் நின்றார்.

அதே நேரத்தில் குமுளி பஸ்ஸும் கிளம்பியது. அதில் சங்கிலி மாமா இருந்தார். குமுளியில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. பார்ப்பதற்கென்றே டிக்கெட் எடுத்திருந்தார்.

லோயர் கேம்ப் வரை லாரி நன்றாக ஓடியது. அங்கே பெட்ரோலுக்கு மாற்றினார்கள். மலை ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் கனத்ததே தவிர இழுவை குறையவில்லை. முதல் வளைவில் லாரி கொஞ்சம் அகலமாகத் திரும்பியது. அப்பா அதைத் தன் கைக்குறை என்று நினைத்தார்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில் அப்பா ஸ்டீரிங்கை முழுவதும் ஒடித்தார். சக்கரங்கள் திரும்பின. லாரி திரும்பவில்லை. முன்டயர்கள் சரளையில் வழுக்கிக்கொண்டே நேராகப் போயின. நேராக இருந்தது ஓரக்கல்; கல்லுக்கு அந்தப்பக்கம் பள்ளம்.

"ஓ... ஓ..." என்று கத்திக்கொண்டே அப்பா பிரேக்கை மிதித்தார். லாரி ஓரக்கல்லைத் தொட்டு நின்றது. கர்ணன் குதித்துப் பின்சக்கரத்துக்கு ஆப்புக் கொடுத்தார். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

"எந்து பற்றி சேச்சி?" என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குமுளி வியாபாரி மலையாளத்தில் என்ன ஆச்சென விசாரித்தார்.

பக்கத்து ஜன்னலில் மாமா. "ஒண்ணும் இல்லங்க. மாட்டைக் கட்ட மறந்துட்டாக. நான் போய் ஓட்டிட்டு வாரேன்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அப்பா கீழே இறங்கி ஓரக்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். "என்னால ஆகாது புள்ள. நெலத்தைக் குடுத்துருவோம்" என்றார்.

கர்ணன் லாரிக்கு அடியில் புகுந்தார். ஸ்டீரிங் தண்டு, ராடு, மூட்டு எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். "எல்லாம் இறுக்கமாத்தான் இருக்கு. திருப்பினா திரும்புது. ஏன் போகலன்னு தெரியலயே அக்கா."

அம்மா மூட்டைகள் மேலிருந்து இறங்கினாள். வண்டி மக்கர் செய்தால் வண்டிக்காரி முதலில் மாட்டிடம்தான் போவாள். அவளும் லாரியின் முகத்துக்குப் போனாள். முன்டயரைப் பார்த்தாள், உருண்டையாக இருந்தது. பின்னால் போய்ப் பின்டயரைப் பார்த்தாள்; அப்பளமாகப் பரந்திருந்தது. மறுபடி முன்னால் வந்து வில்லுத் தகட்டுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். தகடுகள் பாரம் ஏறாததுபோல வளைந்து நின்றன. பம்பரைப் பிடித்து ஒரு மூச்சுத் தூக்கிப் பார்த்தாள். முகம் அசைந்து கொடுத்தது.

"கர்ணா, வெளிய வா. ஸ்டீரிங்குல ஒண்ணும் இல்ல. நுகம் எந்திரிச்சிருச்சு."

"லாரிக்கு ஏதுக்கா நுகம்?"

"முன்சக்கரந்தான் நுகம். மேட்டுல ஏறுறப்ப பாரம் பின்னால சாயும். நாந்தான் முன்னமே பின்னால வச்சுத் தொலைச்சேனே. இது மாடுன்னு நெனச்சேன். மாட்டுக்குக் கழுத்து வலிக்கும். இதுக்குக் கழுத்துல பாரம் இருந்தாத்தான் கால் தரையில பாவும்."

நான் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். தளத்தின் நீளம், உருளையின் எடை, அந்த வளைவின் ஏற்றம். முன்னச்சில் மிஞ்சியது மிகக் கொஞ்சம். அவள் கை சொன்னது சரி.

உப்பு மூட்டைகளை இறக்கி, சீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அடுக்கினார்கள். கருவாடு வாலுக்குப் போனது. பஸ் பயணிகளும் கை கொடுத்தார்கள். லாரி போனால்தான் பஸ் போகும். ஆனால் வாலில் இருந்த கரி உருளை கொதித்துக்கொண்டிருந்தது. அதைத் தொட முடியாது. அம்மா மறுபடி பம்பரைத் தூக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டும். நிமிர்ந்து பஸ்ஸைப் பார்த்தாள்.

"அண்ணே, இறங்கி வாங்க."

"எதுக்கு?"

"ஒங்க ஒடம்பு வேணும். முன்னால மட்கார்டு மேல உக்காருங்க."

"நான் என்ன உப்பு மூட்டையா?"

"உப்பு மூட்டை இம்புட்டுப் பேசாதுண்ணே. வாங்க."

"ஆடி பிறக்கட்டும் ஆத்தா, நெலத்துல வந்து உக்காருறேன்."

பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "பெரியவரே, அந்தம்மா கூப்பிடுறாகள்ல? லாரி நகர்ந்தாத்தான் நான் நகர முடியும். இறங்குங்க." பின் சீட்டிலிருந்து யாரோ, "ஏலே, அந்த ஆளை இறக்கி விடுங்கப்பா" என்றார். குமுளி வியாபாரி மாமாவின் தோளைப் பிடித்து அன்பாகத் தள்ளினார்.

மாமா இறங்கினார். ஒருபக்க மட்கார்டில் அவர். சமத்துக்கு மறுபக்கம் கர்ணனும், பஸ்ஸிலிருந்து வந்த இன்னொருவரும். மாமா விளக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்பா ஓரக்கல்லை விட்டு எழவில்லை.

"ஏங்க, எந்திரிங்க" என்றாள் அம்மா. "இப்பத் திரும்பும்."

"திரும்பலேன்னா?"

"எங்கண்ணந்தான் முதல்ல விழுவாரு. ஏறுங்க."

இந்த முறை அம்மா மூட்டை மேல் ஏறவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னுக்கு உருட்டி எடுத்து, மறுபடி முதல் கியர். அப்பா ஸ்டீரிங்கை ஒடித்தார். முன்டயர் சரளையைக் கடித்தது. லாரி திரும்பியது. மாமாவின் கால்கள் பள்ளத்துக்கு மேலே ஒரு அரைவட்டம் போட்டு வந்தன. அவர் கத்திய கத்தலில் பஸ் ஹாரன் கேட்கவில்லை என்பார் கர்ணன்.

அடுத்த வளைவிலும் திரும்பியது. அதற்கடுத்ததிலும். குமுளிக் கடைத்தெருவுக்குள் லாரி நுழைந்தபோது அதன் மூக்கில் சங்கிலி மாமா உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை காணாமல் போயிருந்தது. மீசை முழுக்கப் புழுதி. ஊரே பார்த்தது. இறங்கி வேட்டியைத் தட்டிக்கொண்டு முதலில் சொன்னது: "நான் இல்லேன்னா இது ஏறியிருக்காது."

"ஆமாண்ணே" என்றாள் அம்மா. அதில் கேலி இல்லை. உண்மை அதுதான்.

திரும்பி வந்ததும் ஆசாரியைக் கூப்பிட்டாள். அவர் வாலைப் பார்த்தார், சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "அச்சு எங்கனன்னு கேட்டேன். ரெண்டு அச்சு இருக்குன்னு நீங்களும் சொல்லல, எனக்கும் தோணல."

"எனக்கே மலையிலதான் தெரிஞ்சது ஆசாரியாரே. அறுங்க."

வாலை அறுத்தார்கள். தளத்தைச் சீட்டு வரை முன்னால் நகர்த்தினார்கள். கரி உருளை சீட்டுக்குப் பின்புறம் ஒரு ஓரத்துக்கு வந்தது. நடுவே ஒரு தகரத் தடுப்பு. சீட்டுக்கு அடியில் குடியேறியிருந்த கோழி மட்டும் இடம் மாற மறுத்தது. கடைசியில் ஜக்கம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டாவது நடைக்கு மாமா மறுபடி பஸ்ஸில் வந்தார். இந்த முறை தலைப்பாகையைத் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார். லோயர் கேம்ப்பில் இறங்கி, தானாகவே லாரியின் முகத்துக்கு வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் உக்காரணும்?"

"இன்னைக்கு வேணாம்ணே. பஸ்லயே வாங்க."

"ஏறுமா?"

"ஏறும்."

அவர் முகம் தொங்கிவிட்டதாம். அம்மா சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் சிரிப்பாள். அந்த வளைவில் லாரி நிற்கவே இல்லை. அப்பா "ஓ" சொல்லவும் இல்லை. மூக்கில் யாருமில்லாமல் திரும்பியது.

ஆடியில் எங்கள் நிலத்தை உழுதவை அதே மாடுகள். வாரத்துக்கு இல்லை. மாமாவின் வெங்காயம் எங்கள் லாரியில் மலையேறியது. அதற்கு ஈடாக அவர் ஏர் எங்கள் நிலத்தில் இறங்கியது. ஏரைப் பிடித்தவர் அப்பா. தன் நிலத்தில்.

சண்டை முடிந்து உருளை போனது, லாரி மாறியது, அதற்குப் பிறகும் லாரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் மூட்டை எங்கே போக வேண்டும் என்று காட்டியவள் அம்மா. முழங்கால் மடங்காமல் போன வருடங்களிலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையை நீட்டுவாள். இன்னும் முன்னால, இன்னும், ம், போதும்.

டெம்போ அந்த மேட்டில் ஒரே கியரில் ஏறியது.